1912 மதுரையில் ஒரு கன்னக்களவு: பிரதியில் எது சரி, எது தப்பு?

கூத்துமேடை:

மேடை நாடகப் பிரதி ஒன்றுக்காகக் கேட்கிறேன். காலம் 1912, இடம் மதுரை, மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. ஓட்டு வீடு. திண்ணை, முற்றம், பின்கட்டு எல்லாம் உண்டு. வீட்டுக்காரர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அமாவாசையை ஒட்டிய ராத்திரியில் பின்கட்டுச் சுவரில் கன்னம் வைக்கிறார்கள், அதாவது ஆள் நுழைய ஓட்டை போடுகிறார்கள். ஒரு வெள்ளிக் கூஜா, 2 பித்தளை அண்டா, 5 சவரன் சங்கிலி, 40 ரூபாய் ரொக்கம் போய்விடுகிறது.

இப்போது பிரதியில் இருப்பது இது: திருடன் கன்னத்து வழியாக நுழைந்து, எல்லாச் சாமானையும் அதே வழியாக வெளியே தள்ளுகிறான். காலையில் சப் இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியோடு வந்து கதவிலிருந்து கைரேகை எடுக்கிறார். பக்கத்துக் கிராமத்து ஆட்கள் தினமும் ராத்திரி ஸ்டேஷனில் ரேகை வைக்க வருகிறார்கள். அவர்களில் ஒருவனைச் சந்தேகப்பட்டு அடிக்கிறார்கள். அவன் ஒப்புக்கொள்கிறான். ஒப்புதலை வைத்தே கோர்ட்டில் தண்டனை ஆகிறது.

எங்கே உதைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் திருத்திக்கொள்வேன்.

மண்சுவர்:

கோர்ட்டு விஷயத்தை மற்றவர்கள் சொல்லட்டும். நான் சுவரோடு நிற்கிறேன், ஏனென்றால் உங்கள் முதல் காட்சியே அங்கேதான் உதைக்கிறது. அண்டா கன்னத்து வழியாக வெளியே வராது.

கன்னம் என்பது ஒல்லியான ஆள் ஒருவன் உடம்பைக் குறுக்கி நுழையும் அளவு ஓட்டை. ஒன்றரை அடி இருந்தால் அதிகம். அதற்கு மேல் பெரிதாக்கினால் நேரமும் போகும், சத்தமும் வரும், மேலே இருக்கிற கல் சரியும். உள்ளே போனவன் எதையும் தொடுவதற்கு முன்னால் செய்கிற வேலை, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை உள்ளிருந்து எடுத்துவிடுவது. சாமான் போவதும் அந்த வழி, யாராவது விழித்துக்கொண்டால் ஓடுவதும் அந்த வழி. ஆகவே காலையில் வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது திறந்து கிடக்கிற கொல்லைக் கதவைத்தான். கன்னம் அதற்கப்புறம்தான் கண்ணில் படும். மேடைக்கும் இது நல்ல வரிசை.

கதவை உடைக்காமல் சுவரை ஏன் உடைக்கிறார்கள்? அந்தக் காலத்துக் கதவு கனத்த பலகை. உள்ளே தாழ்ப்பாள், நாதாங்கி, அதற்கு மேல் இரண்டு பக்கச் சுவரிலும் குழி வைத்துச் செருகுகிற குறுக்குக்கட்டை. வெளியிலிருந்து அதை நெம்பினால் தெருவே எழுந்துவிடும். சுவர் அப்படியில்லை. முகப்பைச் சுட்ட செங்கல்லில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியவர்கள், பின்கட்டைப் பெரும்பாலும் பச்சைக்கல்லில், அதாவது சுடாத கல்லில், மண் சாந்து வைத்துத்தான் எழுப்பினார்கள். மேலே பூசிய சுண்ணாம்பு ஒரு தோல்தான். அந்தத் தோலை உரிக்கிறபோது மட்டுமே சத்தம். உரித்த பிறகு தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள மண்ணைச் சுரண்டினால் கல் ஒவ்வொன்றாகக் கையோடு வரும். கன்னக்கோல் என்று பெரிய கடப்பாரையை நடிகர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அது மடியில் மறைக்கிற நீளமுள்ள, முனை தட்டையாகவோ கூராகவோ அடித்த இரும்புக் கம்பி. சுரண்டவும் நெம்பவும் மட்டும் போதுமானது. ஓங்கி இடிக்க ஆரம்பித்தால் அது கன்னக்களவு ஆகாது, கொள்ளைதான்.

மழைக்காலத்தில் கன்னம் அதிகமானதற்குக் காரணமும் இதுதான். சுவர் தானாகவே ஊறியிருக்கும், மழைச் சத்தம் சுரண்டலை மூடிவிடும். கோடையில் வேறு வசதி: வீட்டார் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் படுப்பார்கள், உள்கட்டு காலி. தேய்பிறை என்று நீங்கள் வைத்தது சரி.

திருடன் காரியம் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு, நாடகத்துக்குப் பயன்படும். கன்னம் வைத்த இடத்துக்கு உள்பக்கம் நெல் கொட்டிவைக்கிற குதிரோ பத்தாயமோ அடுக்குப்பானையோ இருந்துவிட்டால் அத்தனை வேலையும் வீண். பானை உருண்டால் சத்தம் வேறு. அதனால் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் யாரும் கைவைப்பதில்லை. கன்னம் சரியாகக் காலி இடத்தில் திறந்திருந்தால் சந்தேகம் முதலில் உள்ளாள் மேல்தான் போகும்: வேலைக்காரி, போன மாதம் சுவர் பூசிய கொத்தனார், நெல் அளக்க வந்த கூலியாள்.

முழுக் கன்னம் வைக்காத முறையும் உண்டு. கதவு நிலைக்குப் பக்கத்தில் கை நுழையும் அளவு மட்டும் தோண்டி, உள்ளே கைவிட்டுத் தாழ்ப்பாளை இழுப்பது. குறுக்குக்கட்டை போட்டிருந்தால் இது பலிக்காது, கட்டை கைக்கு எட்டாது. அப்புறம் கூரை. நாட்டு ஓடு என்றால் மேலே ஏறி நடக்க முடியாது, காலடியில் நொறுங்கும். இறவாரத்துப் பக்கமாக ஓட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஓட்டைத் தாங்கும் மரச் சட்டமான ரீப்பரை அறுக்க வேண்டும். மங்களூர் ஓடு பெரியது, ரீப்பரில் கொக்கி போல மாட்டியிருப்பது, சற்று மேலே தூக்கினால் கழன்றுவிடும். நாலைந்து எடுத்தால் ஆள் இறங்கலாம். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1860களிலேயே ஓட்டுத் தொழிற்சாலை வைத்துவிட்டார்கள், எனவே 1912 மதுரையில் அந்த ஓடு இருப்பதில் குற்றமில்லை. திறந்த முற்றம் இருந்தால் பக்கத்து வீட்டுக் கூரை வழியே வந்து குதிப்பது எல்லாவற்றிலும் சுலபம். முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை போட்ட வீடுகள் அதற்காகத்தான் போட்டன. உங்கள் குமாஸ்தா வீட்டில் கம்பி இருக்கிறதா இல்லையா என்று முதல் காட்சியிலேயே காட்டிவிடுங்கள். இல்லையென்றால் "முற்றம் இருக்க எதற்குக் கன்னம்?" என்று பார்க்கிறவன் கேட்பான்.

ராத்திரி 10 மணிக்கு மேல் நடந்தால்தான் சட்டப்படி இரவுத் திருட்டு என்று நினைக்கிறேன், யாராவது சரிபார்க்கவும்.

பழைய ரிக்கார்டு:

மண்சுவர், 10 மணிக் கணக்கு இந்தியச் சட்டத்தில் இல்லை. அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் 446ஆம் பிரிவின்படி சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை இரவு. மாலை 7 மணிக்குப் பூட்டை உடைத்தாலும் இரவில் வீடுடைத்தல்தான்.

அந்தச் சட்டம் 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் 2024 ஜூன் வரை நடைமுறையில் இருந்தது. வீடுடைத்தல் என்றால் என்ன என்பது 445இல் இருக்கிறது. அதற்கு எழுதிய முதல் உதாரணமே கன்னம்தான்: ஒருவன் சுவரில் ஓட்டை போட்டு அதற்குள் கையை விடுகிறான், அது வீடுடைத்தல். ஆள் உள்ளே போக வேண்டியதில்லை, உடம்பில் ஏதாவது ஒரு பாகம் நுழைந்தால் போதும். கதவு ஓட்டையில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது, வீட்டுக்காரன் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதனால் திறப்பது, இரண்டும் அங்கேயே உதாரணமாக இருக்கின்றன. சட்டம் எழுதியவர்கள் ஊர்த் திருடர்களைப் பற்றி நன்றாகவே விசாரித்திருக்கிறார்கள்.

தண்டனையில் இது பெரிய வித்தியாசம் செய்யும். பட்டப்பகலில் திறந்த கதவு வழியே போய்க் கூஜாவை எடுத்தால் 380ஆம் பிரிவு, அதிகபட்சம் 7 ஆண்டு. வேலைக்காரனே எடுத்தால் 381, அதுவும் 7. ராத்திரி திருடும் எண்ணத்தோடு கன்னம் வைத்தால் 457, 14 ஆண்டு வரை. சந்தையில் மடியை அறுத்தால் வெறும் 379, 3 ஆண்டு. 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வந்து அடித்துப் பிடுங்கினால்தான் கூட்டுக்கொள்ளை. உங்கள் பிரதியில் 3 பேர் என்றால் அந்த வார்த்தையைப் போலீஸ்காரர் வாயில் வைக்காதீர்கள்.

அதிகபட்சம் 14 என்பதற்காக 14 கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். தண்டனை எந்தக் கோர்ட்டு விசாரிக்கிறது என்பதைப் பொறுத்தது. 1898ஆம் ஆண்டு குற்ற விசாரணை முறைச் சட்டப்படி மூன்றாம் வகுப்பு மாஜிஸ்திரேட்டால் 1 மாதம், இரண்டாம் வகுப்பால் 6 மாதம், முதல் வகுப்பால் 2 ஆண்டு வரைதான் போட முடியும். அபராத எல்லை முறையே 50, 200, 1,000 ரூபாய். திருடின பொருள் 50 ரூபாய்க்கு மேல் போகாத சில்லறைத் திருட்டுகளைச் சுருக்க விசாரணையில் முடித்துவிடலாம். அதில் 3 மாதத்துக்கு மேல் சிறை கிடையாது. உங்கள் வழக்கில் சங்கிலி ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அப்போது ஒரு சவரன் நாணயம் 15 ரூபாய்க்குச் சமம் என்று சட்டமே நிர்ணயித்திருந்தது. 5 சவரன் எடை என்றாலே 75 ரூபாய்.

சிறைக்குப் பதில் பிரம்படியும் இருந்தது. 1864ஆம் ஆண்டுச் சட்டம், அப்புறம் 1909ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டிலும் திருட்டுக்குக் கசையடி உண்டு. பிரம்பு அரை அங்குலத்துக்குக் குறையாத கனம், அடி 30க்கு மேல் போகக்கூடாது.

இனி உங்கள் பெரிய பிழை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராகக் கோர்ட்டில் வைக்கவே முடியாது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், 25ஆம் பிரிவு. அதற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் ஒப்புதல் வாங்கவும் கிட்டி போடுவது (கட்டைக்கு நடுவே இடுக்கி நெரிப்பது), குனியவைத்துக் கட்டி நிறுத்துவது போன்ற வதைகள் நடந்ததை 1855இல் ஒரு விசாரணைக் கமிஷன் விலாவாரியாக எழுதி வைத்தது. அதன் பிறகும் அடி நிற்கவில்லை. ஆனால் அடித்து வாங்கிய வாக்குமூலம் அப்படியே கோர்ட்டுக்குள் போக முடியாமல் போயிற்று.

அப்படியானால் எதற்கு அடித்தார்கள்? 27ஆம் பிரிவுக்காக. பிடிபட்டவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரே சம்பந்தப்பட்ட அளவு மட்டும் சாட்சியமாகும். "நான் திருடின கூஜாவை வைக்கோல் படப்பில் ஒளித்திருக்கிறேன்" என்றால், "படப்பில் ஒளித்திருக்கிறேன்" நிற்கும், "நான் திருடின" அடிபடும். இந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்று சென்னை ஹைகோர்ட்டே ஒரு காலத்தில் தாராளமாக இருந்தது. 1947ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள புலுகுரி கோட்டய்யா வழக்கில், அப்போது கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்தான் இறுக்கிப் பிடித்தது. உங்கள் 1912 வக்கீல் இதில் தாராளமாகவே சண்டை போடலாம்.

ஆகவே வழக்கு நிற்பதும் விழுவதும் சாமானில். பொருள் கிடைத்தால் கேஸ், கிடைக்காவிட்டால் காகிதம். சாட்சியச் சட்டம் 114ஆம் பிரிவின் முதல் உதாரணம், திருட்டு நடந்த கொஞ்ச நாளுக்குள் அந்தப் பொருளை வைத்திருக்கிறவன் கணக்குச் சொல்லாவிட்டால், அவன் திருடனாகவோ தெரிந்தே வாங்கியவனாகவோ இருப்பான் என்று கோர்ட்டு ஊகிக்கலாம் என்கிறது. தெரிந்து வாங்கியதற்குத் தண்டனைச் சட்டம் 411, 3 ஆண்டு. அதையே தொழிலாக வைத்திருந்தால் 413, ஆயுள் நாடுகடத்தல் வரை.

காலையில் என்ன நடக்கும் என்று கேட்டால்: பிராது கொடுத்ததும் முதல் தகவலை எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். போன சாமான் பட்டியல் அதிலேயே இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு இது நன்றாகத் தெரியும், பதற்றத்திலும் எடையோடு சொல்வார். வெள்ளிக்கு "இத்தனை ரூபாய் எடை" என்பார்கள். ஒரு ரூபாய் நாணயம் ஒரு தோலா, 180 கிரெயின். பட்டியலில் விட்டுப்போன பொருள் பிற்பாடு கைப்பற்றப்பட்டால், அது போலீஸ் வைத்த பொருள் என்று எதிர்வக்கீல் சொல்ல அது ஒன்றே போதும்.

சோதனைக்குப் போகும்போது அந்த வட்டாரத்துக் கௌரவமான குடிகள் 2 பேராவது உடன் இருக்க வேண்டும். எது எங்கே கிடைத்தது என்று மகஜர் எழுதி அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு பெரும்பாலும் உடைவது இங்கேதான். சாட்சி வேறு தெருக்காரராக இருப்பார், அல்லது அதே ஆள் அதற்கு முன்னால் பத்து மகஜரில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

பிடித்தவனை 24 மணி நேரத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. மாஜிஸ்திரேட் உத்தரவோடு 15 நாள் வரை காவல் நீட்டிக்கலாம்.

சப் இன்ஸ்பெக்டர் என்று நீங்கள் வைத்தது சரி. 1902-03 போலீஸ் கமிஷனுக்குப் பிறகுதான் ஸ்டேஷன் பொறுப்பு அவர்கள் கைக்கு வந்தது. 1895இல் கதை நடந்தால் ஏட்டையாதான் ராஜா. அந்தக் கமிஷன் கான்ஸ்டபிளுக்குக் குறைந்தது மாதம் 8 ரூபாய் வேண்டும் என்று எழுதியது. 75 ரூபாய்ச் சங்கிலியைத் தேடிப் போகிறவரின் மாதச் சம்பளம் அது.

கூத்துமேடை:

அண்டா போச்சு, ஒப்புதல் போச்சு. கைரேகையாவது மிஞ்சுமா?

பத்துவிரல்:

கைரேகை மிஞ்சும். ஆனால் கதவிலிருந்து எடுத்து, பூதக்கண்ணாடியும் வைத்து, அங்கேயே திருடனைச் சொல்வதெல்லாம் வேண்டாம்.

1912இல் கைரேகையின் முக்கிய வேலை, பிடிபட்டவனுக்குப் பழைய தண்டனை இருக்கிறதா என்று பார்ப்பது. பெயரை மாற்றிச் சொல்வான், ஊரை மாற்றிச் சொல்வான், விரலை மாற்ற முடியாது. பழைய தண்டனை தெரிந்தால் தண்டனைச் சட்டம் 75ஆம் பிரிவு பாயும். முன்பு 3 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய திருட்டுக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவன் மறுபடி அதே வகையில் மாட்டினால் ஆயுள் நாடுகடத்தல் அல்லது 10 ஆண்டு வரை. 2 ஆண்டு போடுகிற மாஜிஸ்திரேட்டிடம் நிற்கிற ஆள், பழைய தண்டனையைச் சொல்லும் கைரேகைச் சீட்டு வந்ததும் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்விடுவான். சீட்டு வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தைக் காட்சியாக்கலாம். ஒரு விதியையும் கவனியுங்கள்: இப்போதைய குற்றம் தீர்ப்பாகும் வரை பழைய தண்டனையை விசாரணையில் படிக்கக்கூடாது.

ரேகை எடுக்கும் முறை இது. ஒரு தகட்டில் அச்சு மையைத் துளி வைத்து உருளையால் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். விரலைத் துடைத்து, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மையில் உருட்டி, அதேபோலத் தாளில் உருட்ட வேண்டும். மை அதிகமானால் கோடுகளுக்கு நடுவே நிரம்பி வெறும் கறுப்புத் திட்டாகும். விரல் வியர்த்திருந்தால் மை பிடிக்காது. தாளில் அழுத்தினாலோ இழுத்தாலோ கோடு இழைந்துவிடும். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரல் என்றால் இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டியிருக்கும். பத்து விரலையும் தனித்தனியே உருட்டிய பிறகு, கீழே நான்கு விரல்களைச் சேர்த்து உருட்டாமல் ஒரு பதிவு வைப்பார்கள். மேலே வரிசை மாறிப்போயிருந்தால் கண்டுபிடிக்க அதுதான் வழி.

வரிசை மாறினால் மொத்தமும் கெட்டுவிடும். வலது கட்டைவிரல் 1 என்று தொடங்கி இடது சுண்டுவிரல் 10 வரை எண். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 5 ஜோடி. சுழி, அதாவது வட்டமாகச் சுழலும் கோடு, இருக்கிற விரலுக்கு மட்டும் மதிப்பு: முதல் ஜோடிக்கு 16, பிறகு 8, 4, 2, 1. இரட்டைப்படை விரல்களின் கூட்டல் மேலே, ஒற்றைப்படை விரல்களின் கூட்டல் கீழே, இரண்டோடும் ஒன்று சேர்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் 1 முதல் 32 வரை வரலாம்; 32ஐ 32ஆல் பெருக்கினால், சீட்டுகளைப் பிரித்து அடுக்க 1,024 அறை. ஒரு சுழி இடம் மாறினால் சீட்டு வேறு அறைக்குப் போய்விடும், ஆள் புதுக் குற்றவாளி என்று பதில் வரும்.

இந்த முறைக்கு வங்காளப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றி பெயர் நிலைத்துவிட்டது. கணக்கை வகுத்ததில் அவரிடம் வேலை பார்த்த அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. 1897இல் கல்கத்தாவில் வந்ததுதான் உலகின் முதல் கைரேகைப் பிரிவு.

குற்றம் நடந்த இடத்து ரேகைக்கும் ஒரு பழைய முன்னுதாரணம் இருக்கிறது. 1897இல் வங்காளத்து ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையானார். அங்கே கிடந்த பஞ்சாங்கத்தில் ஒரு கட்டைவிரல் கறை. ஏற்கெனவே திருட்டுக்குத் தண்டனை பெற்றிருந்த பழைய வேலைக்காரனின் பதிவோடு அது பொருந்தியது. கோர்ட்டு அவனைக் கொலைக்குத் தண்டிக்கவில்லை, திருட்டுக்குத்தான் தண்டித்தது. நிபுணர் சாட்சியத்தைக் கோர்ட்டு ஏற்க வழி செய்த சட்டம் அதற்குப் பின் 1899இல் வந்தது. ஆகவே உங்கள் சப் இன்ஸ்பெக்டர் கூஜா இருந்த அலமாரிக் கண்ணாடியைப் பத்திரப்படுத்தலாம், தப்பில்லை. மண் சுவரிலும் கரடான மரக்கதவிலும் எதுவும் விழாது. அவர் நிஜமாகத் தேடக்கூடியது கொல்லையில் காலடித் தடம். கண்டால் அதன்மேல் கூடையைக் கவிழ்த்துவைக்கச் சொல்லட்டும். மோப்ப நாய் வேண்டாம், அது சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சங்கதி.

வைகைக்கரை:

ராத்திரி ஸ்டேஷனில் ரேகை வைக்கிற காட்சியை 1912இல் வைக்க முடியாது.

ஒரு சமூகத்தையே குற்றவாளிகள் என்று பட்டியலிட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியப் பகுதிகளுக்கு வந்தது. சென்னை மாகாணத்துக்கு விரிந்தது 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில். அதன் கீழும் ஒவ்வொரு சமூகத்தையும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் மேல் அது 1914 முதல் படிப்படியாக ஏறியது. கதையை 1919க்குத் தள்ளுங்கள், அல்லது அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். 1919க்குத் தள்ளினால் ஊர் மக்கள் சொன்ன வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள்: ரேகைச் சட்டம், ராதாரிச் சீட்டு. வெளியூர் போகிறவன் அந்தச் சீட்டில்லாமல் போகக்கூடாது. வயது வந்த ஆண்கள் ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட சமூகத்தான் குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் 7 ஆண்டுக்குக் குறையக்கூடாது, மூன்றாம் முறை ஆயுள் நாடுகடத்தல். ரேகை வைக்க மறுத்ததற்காகத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல்.

இன்னொன்று. பத்துவிரல் சொன்னதுபோல ஒரு தனி ஆளின் பழைய தண்டனையைத் தேடுவது ஒரு வழி. பிறந்த ஊரை வைத்தே ஆளைக் குற்றவாளியாக்குவது வேறு வழி. சந்தில் கன்னம் விழுந்தால் சப் இன்ஸ்பெக்டர் துப்பு தேடுவதற்கு முன் பட்டியலைத்தான் எடுப்பார். கொத்தனாரை விசாரிக்க நேரம் பிடிக்கும், பட்டியலில் இருப்பவனை அள்ளிவர ஒரு ராத்திரி போதும்.

1912க்கே பொருந்துகிற ஒன்று வேண்டுமென்றால் கேடி லிஸ்ட். ஆங்கிலத்தில் தெரிந்த திருடர்கள் என்ற பொருளுள்ள இரண்டு சொற்களின் முதலெழுத்துகள் கே, டி. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவன் கேடி, நாம் இன்றும் திட்டுகிற அதே கேடி. கான்ஸ்டபிள் ராத்திரி ரோந்தில் அவன் வீட்டுக் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறானா என்று பார்ப்பார். இல்லையென்றால் காலையில் அவன் எங்கே போனான் என்று கணக்குச் சொல்ல வேண்டும். திருட்டே நிரூபணமாகாவிட்டாலும் நன்னடத்தை ஜாமீன் கேட்டு, குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 109, 110 பிரிவுகளில் உள்ளே போடலாம்: பிழைப்புக்கு வழி சொல்லாதவனுக்கு 1 ஆண்டு வரை, வழக்கமான திருடன் என்று பெயர் எடுத்தவனுக்கு 3 ஆண்டு வரை. கன்னக்கோலோடு நடந்து போனாலே வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். அது எதற்கு என்று சொல்லும் பொறுப்பு பிடிபட்டவன் தலையில்.

இந்தப் போலீஸ் வருவதற்கு முன் காவல் முறை இருந்தது. சென்னைப் பட்டணத்தில் பெத்தநாயக்கன் என்ற காவல் தலைவர் சேவகர்களை வைத்துக்கொண்டு ஊர் காக்க வேண்டும். அதற்கு மானிய நிலமும் சில பண்டங்களின் மேல் சிறு வரியும் அவருக்கு. திருட்டுப் போனால் பொருளை மீட்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். இன்றைய பெத்தநாயக்கன்பேட்டை அந்தப் பெயர்தான். மதுரைக் கிராமங்களில் காவல்காரருக்கு அறுவடையில் பங்கு. மாடு களவு போனால், இருக்கிற இடம் சொல்கிறவனுக்குத் துப்புக்கூலி கொடுத்து மீட்பது. 1912இல் போலீஸ் இதைக் குற்றம் என்றுதான் பார்த்தது, ஆனால் ஆட்கள் அதை நிறுத்தியபாடில்லை. காரணம் கணக்குதான். பிராது கொடுத்தால் மாடு கிடைத்தாலும் கேஸ் முடியும் வரை கோர்ட்டு சொத்து, நாலு வாய்தாவுக்கு நடக்க வேண்டும். துப்புக்கூலி கொடுத்தால் மூன்றாம் நாள் மாடு தொழுவத்தில் நிற்கும்.

உங்கள் குமாஸ்தா கச்சேரியில் இருந்தவர், பிராதுதான் கொடுப்பார். அவர் மனைவியோ மைத்துனரோ "யாரையாவது பார்த்துப் பேசினால் கூஜா வந்துவிடுமே" என்று சொல்லட்டும். அந்த ஒரு வசனத்தில் இரண்டு காலமும் வந்துவிடும்.

மண்சுவர்:

446க்கு நன்றி, திருத்திக்கொண்டேன்.

சில்லறைத் திருட்டை யாரும் தொடவில்லை. சித்திரைத் திருவிழாக் கூட்டம் பிரதியில் வருமானால் பிக்பாக்கெட் என்ற வார்த்தைக்கு முன் முடிச்சவிழ்க்கி இருந்தான். சட்டையில் பை வைக்கிற வழக்கம் பரவாத காலம். ஆண்கள் காசை மடியில் செருகினார்கள் அல்லது துண்டு முனையில் முடிந்தார்கள். பெண்களுக்கு முந்தானை முடிச்சு, சுருக்குப்பை. வேலை பெயரிலேயே இருக்கிறது. முடிச்சை அவிழ்க்க நேரமில்லாதபோது அறுப்பதும் உண்டு. காதில் பாம்படம் போட்ட பாட்டிகள் பாடு இன்னும் மோசம்: வளர்த்த காது, இழுத்தால் மடலே கிழிந்து வரும். காயம் செய்து பறித்தால் அது 379 இல்லை, வழிப்பறிக் கணக்கு.

கொடியில் காயும் துணி போவதும் தினசரிச் சங்கதி. அங்கே துப்பு கொடுத்தது சலவைத் தொழிலாளி சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் போடும் குறி. எத்தனை வெளுத்தாலும் போகாது. இன்னாருடைய குறி என்று போட்டவர் பார்த்ததும் சொல்வார். போலீசும் இதை நம்பியிருந்தது.

கூத்துமேடை:

கடைசியாக ஒன்று. அந்த 40 ரூபாய் நோட்டாக இருக்கலாமா? பெரியவர் கூஜாவைக் கோர்ட்டில் எப்படித் தன்னுடையது என்று காட்டுவார்?

பழைய ரிக்கார்டு:

நோட்டாக இருக்கலாம், 1912இல் 5, 10 ரூபாய் நோட்டுகள் புழக்கத்தில் இருந்தன. ஆனால் நோட்டுக்கு நம்பர் உண்டு, குமாஸ்தா வேலை பார்த்த ஆள் நம்பரைக் குறித்து வைத்திருப்பார். தபாலில் நோட்டு அனுப்புகிறவர்கள் அதை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதி சேர்ந்த பிறகு மறு பாதியை அனுப்பிய காலம் அது. திருடன் தப்ப வேண்டுமென்றால் வெள்ளி ரூபாயாக வையுங்கள். எந்த ரூபாய் யாருடையது என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது.

சங்கிலி கிடைக்காது. இரண்டு நாளில் உருக்கிக் கட்டியாகிவிடும், கட்டித் தங்கத்துக்கு அடையாளமில்லை. பித்தளையும் பாத்திரம் செய்கிற கன்னார் பட்டறையில் உடைந்து உருகிவிடும். கூஜாதான் மிஞ்சும், அதுவும் திருடன் அவசரப்பட்டு முழுசாக அடகு வைத்தால். அடகுக் கடைக்கு உரிமமும் பதிவேடும் கட்டாயம் என்ற மாகாணச் சட்டம் 1943இல்தான் வந்தது, எனவே 1912இல் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

கூஜாவில் பெயர் வெட்டியிருந்தால் வேலை சுலபம். கல்யாணச் சீராக வந்த பாத்திரத்தில் பெயரின் முதலெழுத்தையும் வருஷத்தையும் பொறிப்பது வழக்கம்தான். திருடன் பெயரை அரத்தால் ராவியிருந்தால் அந்த இடம் மட்டும் பளபளப்பாகவும் பள்ளமாகவும் இருக்கும். தட்டான் ஒருவரை சாட்சிக்கூண்டில் ஏற்றி அதைச் சொல்ல வைக்கலாம். பெயரே இல்லையென்றால் அதே மாதிரி நாலைந்து கூஜாவோடு கலந்து வைத்து, வீட்டாரைப் பொறுக்கச் சொல்வார்கள். பெரியவர் தடுமாறுவார். தினமும் அதைப் புளி போட்டுத் தேய்த்த அம்மா, கழுத்தில் எங்கே நெளிசல் என்று பார்க்காமலே சொல்வார். சாட்சிக்கு அவரைக் கூப்பிடுங்கள்.

தீர்ப்பான பிறகும் கூஜா உடனே வீட்டுக்கு வராது. யாரிடம் ஒப்படைப்பது என்று கோர்ட்டு தனியாக உத்தரவு போட வேண்டும், அப்பீல் போனால் அது முடியும் வரை சீட்டு கட்டிக் கோர்ட்டு அலமாரியில்தான் இருக்கும்.